பழைய போல்ட் ரைஃபிள் விலைக்கு வந்தால்: அறிகுறியிலிருந்து கோளாறுக்கு

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் உரிமத்தோடு கூடிய பழைய வேட்டை ரைஃபிள் ஒன்று விலைக்கு வருகிறதென்றால், பெரும்பாலும் அது ஒரு பெரியவர் காலமான வீட்டிலிருந்து வரும். அல்லது வயது முதிர்ந்து, உரிமத்தைப் புதுப்பிக்க அலைய முடியாத ஒருவரிடமிருந்து வரும். பென்னாகரம், அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை வட்டாரத்துப் பழைய குடும்பங்களில் இப்படிப்பட்ட ரைஃபிள்கள் இன்னும் பீரோவுக்குள் இருக்கின்றன. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் வந்து, 1991இல் திருத்தப்பட்ட பிறகு வேட்டைக்கு இடமில்லை. இன்று காவிரிக் கரைக் காடுகளில் பெரும்பகுதி சரணாலயம். காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் 2014இல் அறிவிக்கப்பட்டது. ஆகவே இந்த ரைஃபிள்கள் ஆண்டுக்கணக்கில் சுடப்படாமலேயே கிடந்திருக்கின்றன. அவற்றில் நாம் காணும் கோளாறுகளில் பெரும்பாலானவை சுட்டுத் தேய்ந்ததால் வந்தவை அல்ல. சும்மா கிடந்ததால் வந்தவை. காய்ந்த எண்ணெய், ஈரம், சுருங்கிய மரம். இவற்றைப் பார்த்துப் பயந்து நல்ல ரைஃபிளை விட்டுவிடுகிறவர்களும் உண்டு. இவற்றைத் துடைத்துப் பளபளப்பாக்கியதைப் பார்த்து மயங்கி, உண்மையான ஆபத்தைக் காணாமல் பணம் கொடுத்துவிடுகிறவர்களும் உண்டு. இரண்டையும் பிரித்தறியவே இந்த வழிமுறை.

நம் பக்கம் அதிகம் புழங்குவது .315 ரைஃபிள் (எண், அங்குலத்தில் குழல் அளவு). மேற்கு வங்கத்து இஷாபூர் ரைஃபிள் தொழிற்சாலையில் செய்தது. அதற்கு முந்தைய தலைமுறையில் பி.எஸ்.ஏ. போன்ற பிரிட்டிஷ் நிறுவனங்களும் இதே அளவில் செய்து அனுப்பின. தோட்டா 8×50 மி.மீ. மான்லிச்சர் வகை, விளிம்புள்ளது. ராணுவம் பயன்படுத்திய .303 பொதுமக்கள் கைக்குப் போகக் கூடாது என்பதால்தான் ஆங்கிலேயர் ஆட்சியில் இந்த அளவு இங்கே பரவியது. அந்தத் தடை இன்றும் நீடிக்கிறது: .303, 7.62 மி.மீ. ஆகியவை தடை செய்யப்பட்ட அளவுகள். இஷாபூர் ரைஃபிளின் போல்ட், அதாவது தோட்டா அறையைத் திறந்து மூடும் கைப்பிடியுள்ள உருளை, லீ-என்ஃபீல்டு என்ற பிரிட்டிஷ் ராணுவ ரைஃபிளின் முறையிலானது. எப்போதாவது ஜெர்மானிய மௌசர் முறை ரைஃபிள் ஒன்றும் வரும். எது கையில் இருக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்; ஒன்றில் இயல்பாக இருப்பது மற்றொன்றில் கோளாறாகத் தெரியும்.

தொடும் முன்

ரைஃபிளை உரிமையாளர் எதிரில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். உங்கள் உரிமத்தில் ஏறாத ஆயுதத்தை, "இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டுத் தருகிறேன்" என்று வீட்டுக்கு எடுத்துப் போவது குற்றம். அவர் நல்ல மனதோடு கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

குழலை ஆளில்லாத பக்கம், மண் சுவர் அல்லது தரையை நோக்கி வையுங்கள். மேகசினை, அதாவது தோட்டாக்களை அடுக்கும் பெட்டியை, கழற்றுங்கள். அதன் பிறகு போல்ட்டைத் திறந்து, தோட்டா அறைக்குள் கண்ணால் பாருங்கள். சுண்டு விரலை விட்டும் தடவிப் பாருங்கள். இந்த வரிசை மாறக் கூடாது. மேகசின் உள்ளேயே இருக்க, போல்ட்டை முன்னும் பின்னும் தள்ளினால் நீங்களே ஒரு தோட்டாவை ஏற்றிவிடுவீர்கள். "பத்து வருடமாக யாரும் தொடவில்லை, காலிதான்" என்று சொல்லப்படும் ரைஃபிளைத்தான் இருமடங்கு கவனத்தோடு திறக்க வேண்டும்.

கீழே சொல்லும் எந்தச் சோதனைக்கும் உயிருள்ள தோட்டா வேண்டாம். கேப்பும் (ஊசி குத்தியதும் பற்றிக்கொள்ளும் அடிமூடி) மருந்தும் இல்லாத டம்மி தோட்டாக்கள் நான்கைந்து இருந்தால் போதும். ஆயுத விற்பனை உரிமம் பெற்ற கடையில் கேட்டால் கிடைக்கும்.

எண் மங்கியிருக்கிறது, அல்லது உரிமத்தோடு ஒத்துப்போகவில்லை

இதை முதலில் பாருங்கள். மற்ற எதைப் பார்ப்பதும் இதற்குப் பிறகுதான்.

ரைஃபிளின் எண் உடற்பகுதியில் இருக்கும். போல்ட் கைப்பிடியின் பின்புறத்திலும் அதே எண் இருப்பது வழக்கம். குழலின் மேல் அளவு பொறிக்கப்பட்டிருக்கும். மூன்றையும் எழுதிக்கொண்டு உரிமப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள்.

உடற்பகுதி எண்ணும் உரிமமும் ஒத்துப்போய், போல்ட் எண் மட்டும் வேறாக இருந்தால், அது வேறொரு ரைஃபிளின் போல்ட். சட்டச் சிக்கல் என்பதைவிட அது பாதுகாப்புச் சிக்கல். ஏன் என்பதைக் காலி உறையைப் பற்றிச் சொல்லும் பகுதியில் காணலாம். எண் தேய்ந்திருந்தால், தேய்த்தது யார், எதற்கு என்று கேளுங்கள். பல வீடுகளில் தீய நோக்கம் எதுவும் இருக்காது. துரு போகட்டும் என்று எமரி பேப்பர் போட்டுத் தேய்த்திருப்பார்கள். ஆனால் அடையாள எண் இல்லாத துப்பாக்கியை விற்பதையும் மாற்றிக் கொடுப்பதையும் ஆயுதச் சட்டம் 1959இன் 8ஆவது பிரிவு தடை செய்கிறது. எண்ணை அழித்ததும் குற்றமே. காரணம் எதுவானாலும் அதை நீங்கள் வாங்க முடியாது. குழலை அறுத்துக் குட்டையாக்கியிருந்தாலும் அப்படியே: 6ஆவது பிரிவு. குழல் வாய் கோணலாகவோ, முன்குறி இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமலோ இருப்பது அதற்கான அடையாளம்.

பழைய காகிதங்களில் ஊர்ப்பெயர் மாறியிருப்பதைக் கண்டு மட்டும் சந்தேகப்பட வேண்டாம். தருமபுரி மாவட்டம் 1965இல்தான் சேலத்திலிருந்து பிரிந்தது. கிருஷ்ணகிரி 2004இல் தருமபுரியிலிருந்து பிரிந்தது. அதனால் ஓசூர்க்காரர் ஒருவரின் பழைய உரிமத்தில் சேலம் முத்திரையும், பிறகு தருமபுரி முத்திரையும், கடைசியில் கிருஷ்ணகிரி முத்திரையும் இருப்பது இயற்கை. உண்மையில் அப்படித் தொடர்ச்சியாக முத்திரைகள் இருப்பது நல்ல அறிகுறி. நீங்கள் தேட வேண்டியது இடையில் விழுந்த ஓட்டையை: புதுப்பிக்காமல் விட்ட ஆண்டுகள், ஆயுத உரிமங்களுக்கான தேசியத் தரவுத்தளத்தின் தனி அடையாள எண் ஏறாத உரிமம்.

போல்ட் இறுகுகிறது

எப்போது இறுகுகிறது என்பதில் விடை இருக்கிறது.

மூடும்போது கடைசிப் பகுதியில் ஒரு ஸ்பிரிங் எதிர்த்துத் தள்ளுவதுபோல் இருந்தால், லீ-என்ஃபீல்டு முறை ரைஃபிளில் அது கோளாறே அல்ல. அந்த முறையில் போல்ட்டை முன்னே தள்ளும்போதுதான் சுடும் ஊசியின் ஸ்பிரிங் ஏறுகிறது. மௌசரில் கைப்பிடியைத் தூக்கும்போதே ஏறிவிடும். அதனால் அங்கே தூக்குவது கனமாகவும் மூடுவது இலகுவாகவும் இருக்கும். மௌசர் பழகிய கைக்கு இஷாபூர் ரைஃபிள் கெட்டுப்போனதாகத் தோன்றும்.

முன்பின் ஓட்டம் முழுவதும் பிசின்போல இழுத்தால், எண்ணெய்தான் காரணம். நம் வீடுகளில் இரும்பு எதுவானாலும் தேங்காய் எண்ணெய் தடவும் பழக்கம் இருக்கிறது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரி செல்சியஸ் அளவில் உறைந்துவிடும். தருமபுரி வெயிலில் சரளமாக ஓடும் போல்ட், ஓசூரிலோ தேன்கனிக்கோட்டையிலோ மார்கழி விடியலில் நகர மறுப்பது இதனால்தான். விளக்கெண்ணெய் இன்னும் மோசம்; நாளடைவில் காய்ந்து பசையாகிவிடும். போல்ட்டை வெளியே எடுத்து, மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் பழையதை முழுவதும் கரைத்துத் துடைத்துவிட்டு, தையல் மெஷின் எண்ணெயை மிக மெல்லியதாகத் தடவுங்கள். விரல் ரேகை பதியும் அளவே போதும். பத்தில் பாதிப் புகார்கள் இங்கேயே தீர்ந்துவிடும் என்று துணிந்து சொல்வேன்.

காலியாக இருக்கும்போது நன்றாக ஓடி, டம்மி தோட்டா போட்டால் மட்டும் கைப்பிடி கீழே இறங்க மறுத்தால், தோட்டா அறையில் அழுக்கோ துருவோ இருக்கிறது. அல்லது போல்ட் தலை பொருந்தாதது. கைப்பிடியை உள்ளங்கையால் அடித்து இறக்காதீர்கள். அறையைத் துடைத்த பிறகும் இறங்கவில்லை என்றால் உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம்தான் போக வேண்டும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஓசூரில் எந்த நுணுக்கமான பாகத்தையும் செய்து கொடுக்கும் லேத் பட்டறைகள் நிறைய இருக்கின்றன. திறமையில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதற்கும் ஆயுதச் சட்டப்படி தனி உரிமம் வேண்டும். போல்ட்டையோ ஊசியையோ அங்கே கொண்டுபோய்க் கொடுப்பது உங்களையும் அந்தத் தொழிலாளியையும் ஒருசேர வழக்கில் மாட்டும். துடைப்பதும் எண்ணெய் இடுவதும் திருகை இறுக்குவதும் நம் வேலை. அதற்கு மேல் நம் வேலை இல்லை.

விசையை இழுத்தும் வெடிக்கவில்லை என்கிறார்கள்

விற்பவர் சில சமயம் தானாகவே சொல்வார்: "தோட்டா பழசு, அதனால்தான்." இருக்கலாம். ஆனால் வெடிக்காத அந்தத் தோட்டா இருந்தால் அதன் கேப்பைப் பாருங்கள். ஊசி ஆழமாகக் குத்தியிருந்து வெடிக்கவில்லையென்றால் தோட்டாவில்தான் குறை. லேசாகத் தொட்டுவிட்டு நின்றிருந்தால் ரைஃபிளில் குறை.

லேசான குத்துக்கு முதல் காரணம், மறுபடியும் எண்ணெய். போல்ட்டுக்குள் ஸ்பிரிங்கைச் சுற்றி உறைந்த கொழுப்பு ஊசியின் வேகத்தைக் குறைத்துவிடுகிறது. வெளியே பளிச்சென்று துடைத்த ரைஃபிளிலும் உள்ளே அரைநூற்றாண்டுக் கொழுப்பு இருக்கும். இரண்டாவது காரணம் தளர்ந்த ஸ்பிரிங். மூன்றாவது தேய்ந்த அல்லது முனை உடைந்த ஊசி. இரண்டும் மூன்றும் மாற்றக்கூடியவையே. ஆனால் பழைய பிரிட்டிஷ் ரைஃபிளுக்கு உதிரிப்பாகம் தேடுவது எளிதல்ல என்பதை விலை பேசும்போது நினைவில் வைத்திருங்கள்.

உரிமம் ஏறிய பிறகு சுடும் தளத்தில் இது உங்களுக்கே நேர்ந்தால், போல்ட்டை உடனே திறக்கவே கூடாது. குழலை இலக்கை நோக்கியே வைத்தபடி குறைந்தது அரை நிமிடம், முடிந்தால் ஒரு நிமிடம் காத்திருங்கள். பழைய கேப் தாமதமாகப் பற்றுவது உண்டு. திறந்த போல்ட்டில் அது வெடித்தால் முகத்துக்கு நேரே வரும்.

காலி உறை வெளியே வரவில்லை. வந்தால் அதில் ஒரு வளையம் தெரிகிறது

உறை வராமல் சிக்குவது ஒன்று, உறையில் வளையம் தெரிவது மற்றொன்று. முதலாவது எளிது, இரண்டாவதைக் கண்டால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும்.

சிக்குவதற்கு எக்ஸ்ட்ராக்டர் நகம் தேய்ந்திருப்பதோ, அதன் சின்ன ஸ்பிரிங் தளர்ந்திருப்பதோ காரணமாகலாம். டம்மி தோட்டாவை ஏற்றி, போல்ட்டை மெதுவாக இழுத்துப் பாருங்கள். நகம் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வந்தால் சரி. நழுவினால் நகம் அல்லது ஸ்பிரிங். டம்மியை நன்றாக இழுத்துவிட்டு, சுட்ட உறை மட்டும் சிக்குவதாகச் சொன்னால், அறையின் சுவரில் துருக்குழி இருக்கிறது. சுடும்போது பித்தளை விரிந்து அந்தக் குழிகளுக்குள் அழுந்திப் பிடித்துக்கொள்கிறது.

இனி வளையம். விற்பவரிடம் சுட்ட உறை ஏதாவது இருந்தால் கட்டாயம் கேட்டு வாங்கிப் பாருங்கள். ரைஃபிளைப் பற்றி அதன் உரிமையாளருக்கே தெரியாததை அந்த உறை சொல்லும். விளிம்புக்கு மேலே ஒரு விரல் அகலத்துக்குள், உறையைச் சுற்றி வெள்ளிக் கோடுபோல் பளபளக்கும் வளையம் தெரிகிறதா என்று பாருங்கள். மெல்லிய கம்பியின் நுனியைச் சற்று வளைத்து, உறைக்குள் விட்டு, அடியிலிருந்து மேல்நோக்கி உரசிக்கொண்டே வாருங்கள். அந்த வளையத்துக்கு நேரே உள்ளே கம்பி ஒரு பள்ளத்தில் தட்டினால், அங்கே பித்தளை இழுபட்டு மெலிந்திருக்கிறது. அடுத்த முறை அல்லது அதற்கடுத்த முறை உறை அங்கேயே இரண்டாகப் பிரியும். கொதிக்கும் வாயு போல்ட் வழியாகப் பின்னே பாயும்.

போல்ட் முகத்துக்கும் தோட்டா உட்காரும் இடத்துக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி கூடிவிட்டதே இதற்குக் காரணம். விளிம்புள்ள தோட்டாவில் அந்த இடைவெளியை விளிம்பின் கனமே தீர்மானிக்கிறது. லீ-என்ஃபீல்டு முறையில் போல்ட்டின் பூட்டுப் பற்கள் பின்புறம் இருக்கின்றன. போல்ட் தலை தனியாகத் திருகிக் கழற்றக்கூடியது. தலையை மாற்றிப் பொருத்தினாலும், வேறு ரைஃபிளின் போல்ட்டைப் போட்டாலும், பற்கள் உட்காரும் இடம் தேய்ந்தாலும் இடைவெளி மாறிவிடும். போல்ட் எண் பொருந்தாத ரைஃபிளைப் பற்றி மேலே எச்சரித்தது இதற்காகத்தான். கண்ணாலோ காகிதத் துண்டாலோ இதை அளக்க முடியாது. அதற்கென்றே அளவுகோல் இருக்கிறது. உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் அது இருக்கும். விற்பவரே அவரிடம் எடுத்துச் சென்று சோதித்து வரட்டும். அதற்கு அவர் மறுத்தால் பேரத்தை அத்தோடு முடித்துக்கொள்ளுங்கள். எண் பொருந்தாமையும் உறையில் வளையமும் ஒன்றாக இருந்தால் சோதனைகூட வேண்டாம், எழுந்துவிடலாம்.

சேஃப்டி போட்டும் நம்பிக்கை வரவில்லை

ரைஃபிள் காலி என்று மறுபடியும் உறுதி செய்துவிட்டுத் தொடங்குங்கள்.

போல்ட்டை மூடி, சேஃப்டி போட்டு, விசையை அழுத்தமாக இழுத்து விடுங்கள். எதுவும் நகரக் கூடாது. விரலை முழுவதும் எடுத்துவிட்டு, இப்போது சேஃப்டியை மட்டும் தளர்த்துங்கள். இந்த நொடியில் ஊசி "டக்" என்று விழுந்தால், சேஃப்டி விசையைப் பிடிக்கவில்லை, தள்ளிப்போட மட்டும் செய்கிறது என்று பொருள். பார்ப்பதற்கு எல்லாம் சரியாகத் தெரிந்து, சேஃப்டியை எடுத்தவுடன் வெடிக்கும் ரைஃபிள் இதுதான்.

அடுத்து, போல்ட்டை வேகமாகத் தள்ளி மூடுங்கள், சில தடவை. விசையைத் தொடாமலேயே ஊசி விழுந்தால், பிடிப்பு முனை தேய்ந்திருக்கிறது அல்லது விசை இலகுவாக வேண்டும் என்று யாரோ அரம் போட்டிருக்கிறார்கள். பின்கட்டையின் அடியைத் தடித்த ரப்பர் விரிப்பின்மேல் ஒரு சாண் உயரத்திலிருந்து தட்டிப் பாருங்கள். அப்போதும் விழக் கூடாது. இந்தச் சோதனைகளில் ஒன்றில் தவறினாலும், பழுதுபார்த்துச் சான்று வரும்வரை பணம் பேச வேண்டாம்.

விசை முதலில் கொஞ்சம் தளர்வாக வந்து, பிறகு ஓரிடத்தில் நின்று, அதற்கு மேல் அழுத்தினால் விடுவது மட்டும் குறையல்ல. லீ-என்ஃபீல்டு விசை இரண்டு கட்டமாகவே அமைந்தது. அந்த முதல் தளர்வை எடுத்துவிடலாம் என்று யோசனை சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

இரண்டாவது தோட்டா ஏற மறுக்கிறது

விளிம்புள்ள தோட்டாக்களை மேகசினில் அடுக்குவதற்கு ஒரு முறை இருக்கிறது. மேலே இருக்கும் தோட்டாவின் விளிம்பு கீழே இருப்பதன் விளிம்புக்கு முன்னால் உட்கார வேண்டும். பின்னால் போய்விட்டால் மேல் தோட்டா முன்னே நகரும்போது கீழ் விளிம்பில் மாட்டிக்கொள்ளும். டம்மிகளை இப்படிச் சரியாக அடுக்கிப் பாருங்கள். பெரும்பாலும் அத்தோடு சரியாகிவிடும். ஆகவில்லையென்றால் மேகசினின் மேல் உதடுகள் கீழே விழுந்து வளைந்திருக்கலாம், அல்லது அது வேறு ரைஃபிளின் மேகசின்.

குறி ஓரிடத்தில் நிற்கவில்லை

பழைய ரைஃபிளின் குழல் "செத்துவிட்டது" என்று சொல்லி விலையைக் குறைப்பவர்கள் முதலில் திருகுகளைப் பார்க்கட்டும். நம் பக்கத்துச் சித்திரை வெயிலில் மரம் சுருங்குகிறது; ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறிப் பருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் இப்படி மூச்சு வாங்கி விடும் கட்டையில் திருகு தளராமல் இருந்தால்தான் வியப்பு. திருகின் தலைக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்க்ரூடிரைவரால் இறுக்குங்கள். தலை சிதைந்த திருகுகள் தெரிந்தால், பொருந்தாத கருவியோடு யாரோ உள்ளே போயிருக்கிறார்கள் என்று அறிந்துகொள்ளலாம்.

பிறகு முன்குறியைப் பாருங்கள். அது ஒரு காடியில் பக்கவாட்டாகச் செருகப்பட்டிருக்கும். பையில் இடித்தால் நகரும். காடியின் ஓரத்தில் புதிதாகச் சுரண்டிய கோடு தெரிந்தால் நகர்ந்திருக்கிறது. குண்டு இடப்பக்கம் விழுந்தால் முன்குறியையும் இடப்பக்கமே நகர்த்த வேண்டும்; பலர் இதைத் தலைகீழாகச் செய்து இன்னும் தள்ளிவிடுகிறார்கள்.

முன்கட்டைக்கும் குழலுக்கும் நடுவே காகிதம் விட்டுப் பார்த்து, மரம் குழலைத் தொடுகிறது, செதுக்க வேண்டும் என்று சொல்வார்கள். புதிய ரைஃபிள்களுக்கு அது பொருந்தும். லீ-என்ஃபீல்டு முறையில் மரம் குழலைச் சில இடங்களில் தாங்க வேண்டும் என்றே செய்திருக்கிறார்கள். அங்கே செதுக்கினால் நன்றாக இருந்த குறியும் போய்விடும்.

குழல் வாயையும் கவனியுங்கள். பின்புறமிருந்து போல்ட்டை எடுத்துவிட்டுத் துடைக்க வேண்டிய குழலை, சோம்பலில் வாய்ப்பக்கமிருந்து கம்பி விட்டுத் துடைத்திருப்பார்கள்; அல்லது துடைக்கும் கயிற்றை ஒரே பக்கமாகச் சாய்த்து இழுத்திருப்பார்கள். வட்டமாக இருக்க வேண்டிய வாய் ஒரு பக்கம் அரைபட்டு முட்டை வடிவமாகியிருக்கும். உள்ளே குழல் நன்றாகவே இருக்க, கடைசி அரை அங்குலம் மட்டும் கெட்ட ரைஃபிள்கள் உண்டு. திறமையான பழுதுபார்ப்பவர் வாயைச் சீராக்கித் தருவார்.

குழலுக்குள் கருமை, புள்ளி, நிழல்

போல்ட்டை எடுத்துவிட்டு, குழல் வாய்க்கு முன்னால் வெள்ளைக் காகிதத்தைப் பிடித்து, பின்புறமிருந்து வெளிச்சத்தில் பாருங்கள். முதலில், குழல் முழுவதும் திறந்திருக்கிறதா? மூலையில் சாத்தி வைத்த ரைஃபிளின் வாயில் குளவி மண் கூடு கட்டியிருப்பது நம் கிராமங்களில் நடப்பதுதான். தூசி போகாதிருக்கட்டும் என்று துணியைத் திணித்து வைத்து மறந்துவிடுவதும் உண்டு. இவற்றோடு சுட்டால் குழல் வெடிக்கும். துணி சும்மா இருந்தாலும் ஈரத்தை இழுத்து உள்ளே துருவைக் கூட்டும்.

சுழல் பள்ளங்கள் கூர்மையாகத் தெரிந்து, மேலே சாம்பல் நிறம் மட்டும் படிந்திருந்தால் நல்ல குழல்தான். பித்தளைத் தூரிகை, கரைப்பான், பருத்தித் துணி. பொறுமையாகத் துடைத்தால் துலங்கிவிடும். மிளகு தூவியதுபோல் புள்ளிகள் தெரிந்தால் துருக்குழிகள். பழைய தோட்டாக்களின் கேப்பில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது எரிந்து ஒருவகை உப்பாகக் குழலில் படியும். அந்த உப்பு ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். எண்ணெய்க்கு அது கரையாது, தண்ணீருக்குத்தான் கரையும். அதனால்தான் பழைய சிப்பாய்கள் சுட்டதும் குழலில் வெந்நீர் ஊற்றிக் கழுவி, காயவைத்து, பிறகே எண்ணெய் இட்டார்கள். அதை அறியாமல் எண்ணெய் மட்டும் தடவி வைத்த குழலில் குழிகள் விழுந்திருக்கும். லேசான குழிகள் குறியைப் பெரிதாகக் கெடுப்பதில்லை. துடைக்கும் வேலையைத்தான் கூட்டும். விலையைக் குறைக்கக் கேளுங்கள், வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை.

ஆனால் குழலின் நடுவில் எங்காவது இருண்ட வளையம் ஒன்று நிழல்போல் நின்றால், அங்கே குழல் உப்பியிருக்கிறது. எப்போதோ அடைப்போடு சுட்டிருக்கிறார்கள். வெளியே விரலால் தடவினால் சில சமயம் மேடு தட்டுப்படும். இதற்கு மருந்து இல்லை.

பின்கட்டை ஆடுகிறது

லீ-என்ஃபீல்டு முறையில் கட்டை இரண்டு துண்டு. பின்கட்டையை உள்ளே ஓடும் நீண்ட போல்ட் ஒன்று பிடித்திருக்கிறது. ஆடுகிறதென்று கண்டதும் பின்னாலிருந்து நீளமான ஸ்க்ரூடிரைவரை விட்டுத் திருகத் தோன்றும். திருகாதீர்கள். பல ரைஃபிள்களில் அந்த போல்ட்டின் சதுர முனை முன்கட்டைக்குள் இருக்கும் தகட்டில் பூட்டிக்கொண்டிருக்கும். முன்கட்டையைக் கழற்றாமல் திருகினால் மரம் பிளந்துவிடும். நம்மிடம் வரும் பழைய ரைஃபிள்களில் முன்கட்டையின் பின்முனையில் காணும் வெடிப்புகளுக்கு இதுவும் ஒரு காரணம்.

கைப்பிடிப் பகுதி மரம் கறுத்து, நகத்தால் அழுத்தினால் பதிந்தால், ஆண்டுக்கணக்கில் எண்ணெய் வழிந்து ஊறியிருக்கிறது. குழலை மேல்நோக்கிச் சாத்தி வைத்ததன் விளைவு. நிறைய எண்ணெய் இட்டவர்கள் சில நாள் குழலைக் கீழ்நோக்கி வைத்து வடியவிட வேண்டும். காய்ந்து வெளிறிய மரத்துக்கு ஆளி விதை எண்ணெயைச் சொட்டுச் சொட்டாகத் தேய்த்துவிட்டால் உயிர் வரும்.

மேலே துரு

தேர்தல் அறிவிப்பு வந்ததும் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்திலோ ஆயுதக் கிடங்கிலோ ஒப்படைப்பது வழக்கம். வாரக்கணக்கில் யாரும் தொடாமல் இருந்து திரும்பும்போது செம்புள்ளிகள் தெரியும். இது மேல்துரு, எண்ணெயில் நனைத்த மிக மெல்லிய எஃகுப் பஞ்சால் மெதுவாகத் தேய்த்தால் போய்விடும். எமரி பேப்பர் கூடவே கூடாது. நீலப் பூச்சும் போகும், எண்ணும் மங்கும். ஒப்படைக்கும் முன் நன்றாக எண்ணெய் இட்டுக் கொடுப்பது ஒவ்வோர் உரிமதாரரும் செய்ய வேண்டியது.

அழகான பழைய தோல் உறையோடு ரைஃபிளை விற்பார்கள். உறையை வாங்கிக்கொள்ளுங்கள், ரைஃபிளை அதற்குள் வைக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும்; பதனிட்ட உப்பும் அமிலமும் இரும்பை அரிக்கும். மரமும் இரும்பும் சேரும் கோட்டுக்குக் கீழேதான் ஆழமான துரு ஒளிந்திருக்கும் என்பதால், விற்பவர் சம்மதித்தால் முன்கட்டையைக் கழற்றிப் பார்ப்பது நல்லது.

கூடவே வரும் தோட்டாக்களில் கழுத்து வெடிப்பு

பித்தளை உறையின் கழுத்தில் மயிரிழை வெடிப்புகள் தெரிந்தால் அந்தப் பெட்டியை அப்படியே ஒதுக்குங்கள். பிரிட்டிஷ் இந்தியப் படையில் மழைக்காலங்களில் குதிரை லாயங்களில் வைத்த தோட்டாக்கள் இப்படி வெடித்தன. சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியாவே காரணம் என்று 1921இல் விளக்கினார்கள். நம் வீடுகளிலும் மாட்டுத் தொழுவத்தை ஒட்டிய அறை, யூரியா மூட்டை அடுக்கிய அறை என்று பார்த்துத்தான் இரும்புப் பெட்டியை வைத்திருப்பார்கள். தோட்டா எத்தனை புதியதாகத் தோன்றினாலும் கழுத்தைப் பாருங்கள். கெட்ட தோட்டாக்களைக் கிணற்றிலோ ஆற்றிலோ போடாமல், உரிமத்தில் உள்ள கணக்கின்படி ஆயுதக் கடையிலோ காவல் நிலையத்திலோ ஒப்படைக்க வேண்டும்.

எல்லாம் சரி, இனி என்ன

உங்கள் உரிமத்தில் அந்த அளவு ரைஃபிளுக்கு இடம் இருக்க வேண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. விற்பவர், வாங்குபவரின் பெயரையும் முகவரியையும் குறிப்பிட்டு, மாவட்ட ஆட்சியருக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். தெரிவித்து 45 நாட்கள் கழியும்வரை ரைஃபிள் கை மாறக் கூடாது. உரிமையாளர் காலமாகியிருந்தால், ரைஃபிள் இப்போது காவல் நிலையத்திலோ ஆயுதக் கடையிலோ ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும். வீட்டுப் பீரோவிலேயே இருந்தால், முதலில் அதை அங்கே ஒப்படைத்து ரசீது வாங்கும்படி காலமானவரின் மனைவியிடமோ பிள்ளைகளிடமோ சொல்லுங்கள். அதன் பிறகே பேச்சு. வாரிசு ஒருவர் தாமே வைத்துக்கொள்ள விரும்பினால் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள் அதற்கு வழி தருகின்றன. அவருக்கு அது தெரியாமல் விற்கிறார் என்று தோன்றினால் சொல்லிவிடுங்கள்.

காட்டுப்பன்றி நிலக்கடலையைத் தோண்டுகிறது, அதற்காகத்தான் வாங்குகிறேன் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். பயிரிழப்பின் வேதனை உண்மையானது. ஆனால் உரிமம் கையில் இருந்தாலும் நீங்களாகவே சுட முடியாது; வனத்துறைக்குத்தான் எழுத வேண்டும்.

முன்பணம் கொடுப்பதானால் ரைஃபிளின் எண், போல்ட் எண், குழலின் அளவு, நீங்கள் கண்ட குறைகள் ஆகியவற்றை எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். 45 நாள் கழித்து வாங்கும்போது அந்தத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு, மேகசினைக் கழற்றுவதிலிருந்து மறுபடியும் ஒருமுறை முழுவதும் பாருங்கள். பிறகு இருவர் உரிமத்திலும் பதிவு ஏற்றிக்கொண்டு ரைஃபிளைக் கையில் வாங்குங்கள்.